ஒரு மயிரிழை தாமதம்

போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம். மனைவி வழிச் சொந்தம். கல்யாண மண்டபங்களில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், கை கழுவும் குழாய்களைத் தாண்டி, சாமான் இறக்கும் கதவோரம் எப்படியும் ஒரு நாற்காலி கிடக்கும். அங்கே உட்கார்ந்துவிட்டால் யாரும் வந்து எங்கே வேலை, பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்பதில்லை. அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மேடை அலங்காரம் செய்கிறவர்கள் ரோஜாப்பூ அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து என் காலடியிலேயே வைத்துப் பிரித்தார்கள்.

ஓசூர் ரோஜாவுக்கு வாசனை கிடையாது. பாலிதீன் கூடாரத்துக்குள் அழகுக்காகவும் ஆயுளுக்காகவும் வளர்க்கிற பூ அது. பெட்டியைத் திறந்தால் பூமணம் வராது. ஈர அட்டை, நறுக்கின பச்சைத் தண்டு, அதன்மேல் லேசாக மருந்தின் காரம், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு அது ராக் இசையின் வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

ஓசூரில் பாகலூர் ரோட்டைத் தாண்டி ஒரு ரோஜாப் பண்ணை இருந்தது. என்னோடு வேலை பார்த்த நவாஸின் தாய்மாமா அங்கே மேஸ்திரி. பண்ணைக்காரர் புதிதாகப் பெரிய குளிர் அறை கட்டிக்கொண்டதும் பழையது சும்மா கிடந்தது. சுவர் முழுக்க தெர்மாகோல் வைத்து, கனமான கதவு போட்டது. உள்ளே என்ன சத்தம் போட்டாலும் வெளியே ஒரு முனகல்தான் கேட்கும். நாங்கள் நாலு பேர் பாட்டு வாசித்துப் பழக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியம் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். மெஷின் ஓடாத குளிர் அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அடுப்பு மாதிரி இருக்கும். "உலகத்துலயே கோல்ட் ரூம்ல வேர்த்து ஊத்துறது நாமதான் குரு" என்பான் மஞ்சுநாத்.

எங்கள் குழுவின் பெயர் ஜெனரல் ஷிப்ட். நாலு பேரும் ஒரே கம்பெனி. வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி. நாலு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட். காலையில் ஒன்பது மணிக்குப் போய் சாயங்காலம் மனிதனாகத் திரும்பி வருகிற அந்த ஜெனரல் ஷிப்ட் எங்களில் யாருக்கும் வாய்க்கவில்லை. கிடைக்காததைப் பெயராக வைத்துக்கொண்டோம்.

மஞ்சுநாத் ஸ்டோர்ஸில் இருந்தான். வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, எங்களோடு தமிழ். எங்கள் பாட்டை எழுதுவதும் பாடுவதும் அவன்தான். எழுதினாலும் அப்படித்தான் எழுதுவான். முதல் வரி ஒரு பாஷை, மறுவரி இன்னொன்று. செல்வின் திருநெல்வேலிப் பக்கம், டூல் ரூமில் வேலை. சர்ச்சில் கிட்டார் வாசித்துப் பழகியவன். நவாஸ் பவர் பிரஸ் ஆப்பரேட்டர், எங்கள் டிரம்மர். நான் இன்ஸ்பெக்‌ஷன். சிங்காரப்பேட்டையிலிருந்து பத்தாவது முடித்துவிட்டு வந்து, மூக்கண்டப்பள்ளியில் ரூம் எடுத்துத் தங்கினவன். எனக்குக் கிடைத்தது பேஸ் கிட்டார். யாரும் கேட்காத வாத்தியம் என்பதால் கிடைத்தது. எனக்கு அது பொருத்தம்தான். நாலு கம்பி, அதிகம் பேச வேண்டாம், டிரம்ஸுக்குப் பக்கத்தில் இருட்டில் நிற்கலாம். நின்றுவிட்டால் மேடையில் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கூச்சக்காரர்களுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த வாத்தியம் என்று நினைத்துக்கொள்வேன்.

டிரம்ஸ் தருமபுரியில் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழு கலைந்தபோது வாங்கியது. பித்தளைத் தட்டில் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு விரிசல் ஓடியிருந்தது. செல்வின் அதை டூல் ரூமுக்குக் கொண்டுபோய், விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஓட்டை போட்டுக் கொண்டுவந்தான். "இனி ஓடாதுல. ஓடுத விரிசலுக்கு வாசல் வச்சாச்சு" என்றான். உண்மையாகவே அதற்கப்புறம் அது ஓடவில்லை.

நவாஸ் மெலிந்த ஆள். வாசிக்கும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது. டிரம்மர் என்றால் தலைமுடியைச் சிலுப்பி, குச்சியைச் சுழற்றி, கடைசியில் எழுந்து நின்று அடிப்பான் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். இவன் கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்கிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். ஊர்த் திருவிழாவில் ஒருமுறை வாசித்தபோது முன்வரிசையில் ஒரு பெரியவர், "அந்தப் பையனுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று என்னைக் கேட்டார். ஆனால் அவன் வாசித்தால் ஜனங்களுக்குக் கால் ஆடும். ஏன் என்று நாங்கள் யோசித்ததில்லை. கால் ஆடுகிறவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லையே.

அந்தத் திருவிழாவுக்கு பெங்களூரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள். அவர்கள் போய்ச் சொல்லி, அங்கிருந்து வருகிற ஓர் இசைப் பத்திரிகையிலிருந்து மஞ்சுநாத்துக்கு போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், குழுவைப் பார்க்க வேண்டும், முக்கியமாக டிரம்மரிடம் பேச வேண்டும் என்று.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெளியாள் வந்து கேள்வி கேட்கப் போகிறார் என்றால் எங்களுக்குத் தெரிந்த தயாரிப்பு ஒன்றே ஒன்றுதான், ஆடிட் தயாரிப்பு. கம்பெனிக்கு ஆடிட்டர் வருகிற வாரம் தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்பார்கள். மெஷினைத் துடைப்பார்கள். எங்களை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள்: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, நீயா எதையும் எடுத்துக் குடுக்காத, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. ஆடிட்டர் கடைசியில் குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அதற்கு என்.சி. என்று பெயர். ஒவ்வொரு என்.சி.க்கும் காரணம் கண்டுபிடித்து, சரிசெய்து, க்ளோஸ் பண்ண வேண்டும். க்ளோஸ் ஆகாத என்.சி. இருந்தால் ஷாப்புக்குள் யாருக்கும் தூக்கம் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குளிர் அறைக்குள் போனபோது நவாஸ் கம்பெனி யூனிஃபார்மில் இருந்தான். ஷூ போட்டிருந்தான். டிரம்ஸைச் சுற்றித் தரையில் மஞ்சள் பெயின்டால் நேராக நாலு கோடு அடித்திருந்தான்.

"இன்னாடா இது?" என்றேன்.

"வராங்கல்ல மச்சான். ஒழுங்கா இருக்க வேணாமா?"

செல்வின் கோட்டுக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமால, இல்ல கேட் பாஸ் வாங்கணுமா?" என்றான்.

பத்திரிகையிலிருந்து வந்தவள் சந்தியா. முப்பதை நெருங்கின பெண், பெங்களூர்த் தமிழ் பேசினாள். பழைய ரோஜாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நவாஸ் கைகளைப் பின்னால் கட்டி நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க டிரம்மிங் அப்ரோச் என்ன? எப்படி வாசிக்கணும்னு நெனச்சுப்பீங்க?"

"மொதல்ல தொடச்சு சுத்தம் பண்ணுவேன் மேடம். அப்புறம் நட்டு போல்ட்டு லூசா இருக்கான்னு பாப்பேன். அப்புறம் வாசிப்பேன்."

"யாரைக் கேட்டுக் கத்துக்கிட்டீங்க?"

"அப்டி யாரும் இல்லீங்க மேடம்."

"சரி, வாசிக்கிறப்ப மனசுல என்ன ஓடும்?"

நவாஸ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"அடுத்த அடி, மேடம்."

"அப்புறம்?"

"அதுக்கு அடுத்த அடி."

அவள் சிரித்துவிட்டாள். "போதும், வாசிங்க" என்றாள். நாங்கள் வாசித்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் கையை வைத்து, வெகுநேரம் கேட்டாள். போகும்போது பண்ணை மேஸ்திரி அவளுக்கு ஒரு கட்டு ரோஜா கொடுத்தார். ஆடிட்டருக்குக் கொடுப்பது போலத்தான்.

பத்திரிகை வந்தது. பளபளவென்று வழுவழுத் தாள். எங்களைப் பற்றி என்று நினைத்தால் முக்கால்வாசி நவாஸைப் பற்றி. முழுப் பக்கத்துக்கு அவன் படம், காலடியில் மஞ்சள் கோட்டோடு. செல்வினைப் பற்றி ஒரு வரி. "நா என்ன செவுத்துல சாச்சு வச்ச சாமானால?" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தான். என்னைப் பற்றி, மூலையில் நின்ற ஒருவர் என்று இருந்ததாம். எனக்கு அது திருப்தியாகவே இருந்தது.

ஆங்கிலம் எங்களில் மஞ்சுநாத்துக்குத்தான் ஓடும். கேன்டீனில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னான். நவாஸ் அதிகம் பேசுவதில்லை, தேவையானதை மட்டும் பேசுகிறான், வாசிப்பும் அப்படியே என்று எழுதியிருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது அங்கே போய்ப் பெரிய ஞானமாகிவிட்டது. பிறகு அந்த இடம் வந்தது. இடது கையால் அவன் அடிக்கிற அடி, தாளம் விழ வேண்டிய நேரத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி விழுகிறது. வாசலில் இன்னொருவருக்கு வழிவிட்டுவிட்டு அப்புறம் உள்ளே வருகிற மனிதனைப் போல. குழுவின் அழகே அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. இப்படி எழுதியிருந்தாள்.

மஞ்சுநாத் நிமிர்ந்து பார்த்தான். "எப்டி எழுதியிருக்கா பாத்தியா குரு!"

நவாஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "லேட்டுன்னா எழுதியிருக்கு?"

"ஆமா. அதான் அழகுன்னு..."

"எவ்ளோ லேட்டு?"

"ஒரு மயிரிழை."

"எத்தன மைக்ரான்னு போடலியா?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைத் தனியாகக் கேட்டான். "பக்கத்துல தான நிக்கிற. லேட்டாவா அடிக்கிறேன்?" எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். அவன் அடிக்கிற இடத்தில் நானும் கம்பியைத் தொடுவேன். அவன் பிந்தினால் நானும் பிந்தியிருப்பேன். ஒரே பஸ்ஸில் போகிறவனுக்கு பஸ் லேட்டு என்று எப்படித் தெரியும்?

அந்தக் கட்டுரையால் ஒரு நல்லதும் நடந்தது. பெங்களூரில் ஒரு பெரிய அரங்கத்துக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்து அங்கே வாசிக்க வேண்டும். பிடித்திருந்தால் அவர்களே ஸ்டுடியோவில் எங்கள் பாட்டுகளைப் பதிவுசெய்து வெளியிடுவார்கள். அதுவரை எங்கள் பாட்டு ஒன்றுகூட எங்கேயும் பதிவானதில்லை. இப்போது மாதிரி எல்லார் சட்டைப் பையிலும் கேமரா இருந்த காலம் இல்லை அது. மஞ்சுநாத்துக்கு இதைவிடப் பெரிதாக வேறொன்றும் இருக்கவில்லை. இன்ன வரிசையில் பாட்டு வர வேண்டும், உறையில் இன்ன படம் போட வேண்டும் என்றுகூட முடிவுசெய்துவிட்டான்.

நவாஸின் கவலை வேறு. அரங்கத்துக்குப் போகும் முன் என்.சி.யை க்ளோஸ் பண்ண வேண்டும்.

ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போய்க் காரணத்தைப் பிடிப்பது கம்பெனியில் ஒரு முறை. அதைக் குளிர் அறையில் செய்தான். ஏன் அடி லேட்டு? கை லேட்டாக இறங்குகிறது. ஏன்? கையைத் தூக்குகிற உயரம் அதிகம். ஏன்? உட்காருகிற ஸ்டூல் குள்ளம். ஸ்டூலை உயர்த்தினான். டிக் டிக் என்று சீராகத் தாளம் தட்டுகிற ஒரு சின்னப் பெட்டி வாங்கிவந்தான். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்த் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அந்த டிக்கோடு சேர்த்து அடிப்பான். "எங்க அத்தா ‘பஞ்சு அடிக்கிற தொழில் எடுத்துட்டியா’ன்னு கேக்குறாரு மச்சான்" என்று சொல்லிச் சிரிப்பான். நானும் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு பழகினேன். என் வேலையே அளவு சரிபார்ப்பதுதானே. அவன் சரியாகிவருவது எனக்கும் பிடித்திருந்தது.

முதலில் முனகியது மஞ்சுநாத்.

"ஏன்டா ஓடுற?"

"ஓடல. கரெக்டா இருக்கேன்."

"எனக்கு மூச்சு வாங்குதுடா."

"நீ சிகரெட்ட விடு மச்சான்."

"சும்னே பேசாத நவாஸு. அதே பாட்டு, அதே சிகரெட்டு. போன மாசம் மூச்சு வாங்குச்சா?"

பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்தோம். டிக்கும் அடியும் ஒன்றாகவே விழுந்தன. வேகம் கொஞ்சமும் கூடவில்லை. பெட்டியோடு யார் வாதாட முடியும்? மஞ்சுநாத் சிகரெட்டை விட்டான். அப்படியும் வரியின் கடைசியில் அவன் குரல் வாசற்படி தடுக்கின மாதிரி இடறியது.

பெங்களூருக்கு டெம்போவில் போனோம். அத்திப்பள்ளியில் வரிசையில் நின்ற லாரிகளுக்கு நடுவே வண்டி நகராமல் நின்றபோது நவாஸ் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தான். "இன்னிக்கு ஒரு கொறையும் சொல்ல முடியாது" என்றான். அரங்கம் எங்கள் பிரஸ் ஷாப் அளவுக்கு இருந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்ததால் ஜனங்களின் முகங்கள் தெரியவில்லை. அதுவும் நல்லதற்கே என்று நான் மூலைக்குப் போனேன்.

தப்பே இல்லாமல் வாசித்தோம். அதுவரை அவ்வளவு சுத்தமாக நாங்கள் வாசித்ததே இல்லை. பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள். பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்குகிற அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தட்டுகிற தட்டு. மேடையை ஒட்டி எனக்குத் தெரிந்த முன்வரிசைக் கால்கள் ஆடாமல் இருந்தன. மேடைக்குப் பின்னால் வந்ததும் நவாஸ் என் தோளைப் பிடித்து அமுக்கினான். அவனுக்குச் சந்தோஷம்.

சந்தியா அங்கே வந்தாள்.

"உங்க அந்த லேட் எங்க?"

"க்ளோஸ் பண்ணிட்டேன் மேடம்" என்றான் நவாஸ்.

"எதை?"

"நீங்க எழுதின கொறைய. மூணு மாசமா ஒர்க் பண்ணோம். இப்ப பெட்டியோட வச்சுப் பாத்தாலும் கரெக்டா இருக்கும்."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. "நான் அதைக் குறைன்னு எழுதலையே. அதுக்காகத்தானே எழுதினேன்."

மஞ்சுநாத் நவாஸ் பக்கம் திரும்பினான். "நான் கேன்டீன்லயே சொன்னேன்ல? நல்லா இருக்குன்னுதான் எழுதியிருக்கான்னு?"

"ஆடிட்டரும் மொதல்ல நல்லா இருக்குன்னுதான சொல்லுவாங்க. அப்புறம்தான எழுதுவாங்க" என்றான் நவாஸ். அவன் முகத்தில் அப்போதும் ஒன்றுமில்லை. அன்றைக்கும் போட்டுவந்த யூனிஃபார்ம் சட்டையின் கைமடிப்பை மட்டும் இறக்கிவிட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டான்.

அரங்கக்காரர்கள் தேநீர் கொடுத்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நவாஸ் ஸ்டூலைப் பழைய உயரத்துக்கு இறக்கினான். டிக் டிக் பெட்டியைத் தாய்மாமாவிடம் கொடுத்துவிட்டான். வாசித்தான். பாதியில் நிறுத்தி என்னைக் கேட்டான்.

"இப்ப லேட்டா இருக்கா?"

"இல்லடா."

மறுபடி அடித்தான். "இப்ப?"

"இப்ப இருக்கு. ஆனா இது நீ வேணும்னு பண்றது."

"தெரியுதா?"

"தெரியுதுடா."

வேண்டுமென்று பிந்தினால் அது தடுமாற்றமாகக் கேட்டது. நடந்துகொண்டே இருக்கிறவனிடம் எந்தக் காலை முதலில் வைக்கிறாய் என்று கேட்டுவிட்ட மாதிரி. செல்வின்கூடக் கிண்டல் செய்யவில்லை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, "விடுல, வரும்போது வரும்" என்றான். மஞ்சுநாத் வெளியே போய் ரோஜாக் கூடாரத்தோரம் நின்று, விட்டிருந்த சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தான்.

ஸ்டூல் காரணம் இல்லை என்று எனக்குப் பிறகு தோன்றியது. அவன் ஓட்டின பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒன்றாக அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. அமுக்கின உடனே இறங்காது. கண் இமைக்கிற நேரம் சும்மா இருந்து, அப்புறம்தான் டொம்மென்று விழும். நாள் முழுக்க, வருஷக்கணக்காக, கை அமுக்குவதும் சத்தம் கொஞ்சம் கழித்து வருவதுமாக இருந்தவன் அவன். அவன் உடம்பு சத்தத்துக்குக் காத்திருக்கப் பழகியிருக்கும். இது என் ஊகம்தான். ஒரு தடவை அவனிடமே சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றான். அதற்குள் அவனைச் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். பிரஸ்ஸைத் தொடுகிற வேலை இல்லை.

சண்டை போட்டுக்கொண்டு குழு பிரியவில்லை. சண்டை போட்டிருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு நாள் இருந்திருக்கும். ஒரு ஞாயிறு ஒருவன் வரவில்லை, அடுத்த ஞாயிறு இருவர் வரவில்லை. செல்வின் வெளிநாடு போனான். மஞ்சுநாத் வேலையை விட்டு, தளியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். போன் பேசினால் பாட்டைப் பற்றிப் பேச மாட்டான், நானும் கேட்பதில்லை. நவாஸ் பக்ரீத்துக்குப் பிரியாணி கொடுத்துவிடுவான். டிரம்ஸ் அவன் வீட்டு மாடியில் வெகுநாள் கிடந்து, பிறகு அதுவும் போய்விட்டது. பண்ணை இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்து, பால்கனிகளில் துணி காய்கிறது. எங்கள் கம்பெனியின் பிரஸ்கள் இப்போது கை படாமல் தானே தகடு எடுத்துத் தானே அடித்துக்கொள்கின்றன. ஓர் இமைப்பொழுதுகூட நிற்பதில்லை.

மண்டபத்தில் ரோஜாப் பெட்டிகள் காலியான பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் பாட்டு ஒன்றை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கட்டுரைக்கு முந்தியது, அந்தத் திருவிழாவில் வாசித்தது. செல்வினின் கிட்டார் வந்தது. மஞ்சுநாத் கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறுகிற இடம் வந்தது. என் நாலு கம்பியும் வந்தன. பிந்தி விழ வேண்டிய நவாஸின் அடியும் வந்தது, அந்தத் தாளப் பெட்டியின் டிக்கோடு சேர்ந்து, துளியும் பிந்தாமல். திரும்ப முதலிலிருந்து ஓட்டினேன். அப்போதும் சரியான நேரத்துக்கே விழுந்தது. பந்திக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன்.